கிளிஞ்சலா, கரியா, எலும்பா, விதையா: கார்பன் காலக்கணிப்புக்கு எதை அனுப்புவது?

ஒரே மண்ணடுக்கில் கிளிஞ்சலும் கரித்துண்டும் விலங்கெலும்பும் சேர்ந்து கிடைத்திருக்கின்றன. கையிலுள்ள பணமோ ஓரிரு மாதிரிகளுக்குத்தான் போதும். இந்த நிலையில் பலருக்கும் கிடைக்கும் முதல் அறிவுரை, "கிளிஞ்சலை மட்டும் அனுப்பாதீர்கள், அது தரும் வயதை நம்ப முடியாது" என்பதுதான். இந்த அறிவுரையில் பாதி உண்மை இருக்கிறது. உயிர் மடிந்த பின் காலத்தோடு சிதைந்து குறைந்துகொண்டே போகும் கதிரியக்கக் கார்பனே கார்பன்-14; அது எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு வயது. கிளிஞ்சலில் உள்ள கார்பன்-14ஐ ஆய்வகம் அளப்பதில் குறையொன்றும் இல்லை. கரியை அளக்கும் அதே துல்லியத்தோடுதான் அதையும் அளக்கிறது. அளந்த எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்றும்போது நாம் எதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. கரியிலும் எலும்பிலும் அதே வகைச் சிக்கல்கள் வேறு வடிவில் ஒளிந்திருக்கின்றன என்பதை அந்த அறிவுரை சொல்வதில்லை.

கிளிஞ்சலுக்கு இந்தக் கெட்ட பெயர் வந்த கதையை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் தெற்கு நெவாடாவில் ஊற்றுநீரில் உயிரோடு வாழ்ந்த நத்தைகளின் ஓடுகள் சுமார் 27,000 ஆண்டு வயதைக் காட்டியதாக 1984இல் ஓர் ஆய்வு வெளியானது. கார்பன் காலக்கணிப்பே பொய் என்று வாதிடுவோர் இன்றும் எடுத்துக்காட்டுவது இதைத்தான். ஆனால் அந்த ஆய்வு சொன்னது வேறு. பழமையான சுண்ணாம்புப் பாறைகளின் ஊடே வந்த நீரில் கார்பன்-14 ஏறக்குறைய இல்லாத கார்பன் கரைந்திருந்தது. நத்தை அந்தக் கார்பனைக் கொண்டே ஓட்டைக் கட்டியது. அதனால் ஓட்டில் நவீன அளவில் சுமார் 3.3 விழுக்காடே கார்பன்-14 இருந்தது. அவை நன்னீர் நத்தைகள். கடல்நீரில் இந்த அளவு விலகல் இல்லை. இருந்தாலும் அந்த நத்தை கற்றுக்கொடுக்கும் பாடம் கடலுக்கும் பொருந்தும்: ஓர் உயிர் தன் கார்பனை எங்கிருந்து பெற்றது என்பது தெரியாமல் அதன் வயதைச் சொல்ல இயலாது.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு பொருள்களையும் ஒரே தராசில் நிறுத்த ஐந்து கேள்விகள் போதும். இவற்றுள் முதல் கேள்வியை நான் மற்ற நான்கையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்; மிகுதியான பிழைகள் அதைக் கேட்காமல் விடுவதாலேயே நேர்கின்றன.

1. அந்த உயிர் கார்பனை எடுப்பதை நிறுத்திய ஆண்டுக்கும் நாம் அறிய விரும்பும் நிகழ்வுக்கும் இடையே எவ்வளவு தொலைவு?
2. அந்தக் கார்பன் வளிமண்டலத்திலிருந்து நேரே வந்ததா, கடல் போன்ற தேக்கத்தின் வழியே சுற்றி வந்ததா?
3. புதைந்த பிறகு வெளிக் கார்பன் உள்ளே புகாமல் அந்தப் பொருள் காத்துக்கொண்டதா? புகுந்திருந்தால் நமக்குத் தெரியவருமா?
4. கிடைத்த இடத்திலேயே அது முதலிலிருந்து கிடந்ததா?
5. ஆய்வகக் கட்டணத்துக்கு வெளியே நாம் செய்ய வேண்டிய வேலை என்ன?

## கிளிஞ்சல்

வளிமண்டலத்தில் உருவாகும் கார்பன்-14 கடலின் மேற்பரப்பில் கரைகிறது. ஆழத்தில் நூற்றாண்டுக் கணக்கில் வெளிக்காற்றைக் காணாமல் கிடந்த நீர் மேலே வந்து அதோடு கலக்கிறது. அதனால் கடலின் மேற்பரப்பு நீரே நிலத்தைவிட மூத்ததாகத் தோன்றுகிறது. உலகச் சராசரியாக இந்த வேறுபாடு சுமார் 400 ஆண்டு என்பது நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்த எண். அளந்த எண்ணை நாட்காட்டி ஆண்டாக மாற்ற உதவும் வளைகோடுகளில் கடலுக்குரியதாக 2020இல் வெளியான மரைன்20 இதை ஏறக்குறைய 550 ஆண்டாக உயர்த்தியது. சராசரிக்கு மேலோ கீழோ ஓரிடம் எவ்வளவு விலகுகிறது என்பதைக் குறிக்கும் திருத்தத்துக்கு டெல்டா ஆர் என்று பெயர். ஆழ்நீர் மேலெழும் பெரு, கலிஃபோர்னியா போன்ற கரைகளில் இந்த விலகல் கூடுதல். அண்டார்க்டிகாவைச் சுற்றியுள்ள நீரில் மொத்த வேறுபாடே 1,000 ஆண்டைத் தாண்டும். துருவப் பகுதிகளுக்கு மரைன்20ஐப் பயன்படுத்தக் கூடாது என்று அதை உருவாக்கியவர்களே எச்சரித்திருக்கிறார்கள்.

டெல்டா ஆர் எங்கிருந்து கிடைக்கிறது? 1950களின் அணுகுண்டுச் சோதனைகள் கடல்நீரை மாற்றுவதற்கு முன், உயிரோடு பிடிக்கப்பட்டு, பிடித்த ஆண்டு எழுதி வைக்கப்பட்ட அருங்காட்சியகச் சிப்பிகளிலிருந்து. இங்கே "உயிரோடு" என்ற சொல் முக்கியமானது. கரையில் ஒதுங்கிய வெற்று ஓட்டைப் பொறுக்கி, அதில் 1890 என்று சீட்டு ஒட்டியிருந்தால், அது பொறுக்கிய ஆண்டே தவிர, அந்த உயிர் மடிந்த ஆண்டு அன்று. உங்கள் கரைக்கு அருகே இத்தகைய அளவீடுகள் ஐந்தாறு இருந்தால் நல்லது. ஒன்றே இருந்தால், அது எந்த இனம், கழிமுகத்திலிருந்தா திறந்த கரையிலிருந்தா என்று பார்க்காமல் பயன்படுத்துவது ஆபத்து.

இன்னொரு நுட்பமான செலவு உண்டு. ஆய்வகம் ±30 என்று எழுதித் தருகிறது. டெல்டா ஆரின் பிழை ±60 என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்தால் பிழை ±67 ஆகிவிடுகிறது. துல்லியமான கருவிக்குக் கொடுத்த பணத்தின் பயனில் பெரும்பகுதி இங்கே கரைந்துபோகிறது.

இரண்டு 400களின் கதை. பழைய கிளிஞ்சல் வயதுகளை மறுபடி எடுத்துப் பயன்படுத்துவோர் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். கடல் ஓட்டில் கார்பன்-13இன் (சிதையாத இன்னொரு வகைக் கார்பன்) அளவு, அனைத்துலகச் செந்தரத்தோடு ஒப்பிட, ஆயிரத்துக்குச் சுழி அளவில் இருக்கும். மரத்தில் அது ஆயிரத்துக்கு மைனஸ் 25. எல்லா மாதிரிகளையும் மைனஸ் 25க்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும் என்பது 1977இல் வகுக்கப்பட்ட நடைமுறை. கார்பன்-14 இதைப்போல் இருமடங்கு விலகும் என்பதால், 25 என்ற வேறுபாடு 5 விழுக்காடாகிறது. அதாவது இந்தத் திருத்தம் கிளிஞ்சலின் வயதை ஏறத்தாழ 400 ஆண்டு கூட்டுகிறது. கடல் தேக்கத்துக்காகக் கழிக்க வேண்டியதும் பழைய கணக்கில் ஏறத்தாழ 400. தற்செயலாக இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன.

இதனால் என்ன நேர்கிறது? எந்தத் திருத்தமும் செய்யாமல் பழைய அறிக்கையொன்றில் 3,200 என்று அச்சான வயது, பக்கத்துக் கரியின் வயதோடு அழகாகப் பொருந்துகிறது. இன்று ஒருவர் அதை எடுத்து, "கிளிஞ்சல்தானே, 400ஐக் கழிக்க வேண்டும்" என்று கழித்துவிடுகிறார். உண்மையில் அவர் முதலில் 400ஐக் கூட்டியிருக்க வேண்டும். அந்த மாதிரி காரணமில்லாமல் 400 ஆண்டு இளையதாகிவிடுகிறது. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: முறையாகத் திருத்தப்பட்ட வயதை நிலத்துக்குரிய இன்ட்கால்20 வளைகோட்டில் இட்டால், அதே மாதிரி நூற்றாண்டுக் கணக்கில் மூத்ததாகிவிடும். நான் ஒருமுறை ஒரு பட்டியலைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது, ஒரே அட்டவணையில் இரண்டு வகைப் பிழைகளும் அடுத்தடுத்த வரிகளில் இருந்தன. அந்த இரண்டு வரிகளின் வேறுபாட்டை வைத்து ஒரு பண்பாட்டு மாற்றமே விளக்கப்பட்டிருந்தது. மூன்றாவது வகைப் பிழை புதியது: மரைன்20க்கு முந்தைய வளைகோடான மரைன்13க்காகக் கணிக்கப்பட்ட டெல்டா ஆரை அப்படியே மரைன்20இல் இடுவது. இதனால் ஏறக்குறைய 150 ஆண்டு பிசகும்.

ஓட்டையே பார்த்து அறியக்கூடியவை. ஆய்வகத்துக்கு அனுப்புமுன் ஓட்டைக் கையில் எடுத்து உட்புறத்தைப் பாருங்கள். உள்ளே கொட்டலசோ குழாய்ப்புழுவின் வெண்கூடோ ஒட்டியிருந்தால், அந்தச் சிப்பி மனிதர் கைக்கு வருமுன்னரே வெற்று ஓடாகக் கடலடியில் கிடந்திருக்கிறது. உயிரோடு பிடித்து உண்ணப்பட்டது அன்று. அது எத்தனை ஆண்டு அங்கே கிடந்தது என்பது எந்தக் கருவிக்கும் தெரியாது. மாறாக, இரு ஓடுகளும் மூட்டுப் பிரியாமல் சேர்ந்தே மண்ணில் நின்றால், அது பெரும்பாலும் இடம்பெயரவில்லை என்று கொள்ளலாம். கடல்மட்ட ஆய்வில் இதைவிட நல்ல மாதிரி அரிது.

இனத்தையும் பார்க்க வேண்டும். நீரை வடிகட்டி உண்ணும் சிப்பி தன் கார்பனைப் பெரும்பாலும் நீரிலிருந்தே பெறுகிறது. சேற்றைத் தின்னும் இனமும் சுண்ணாம்புப் பாறையைச் சுரண்டி மேயும் நத்தையும் பழைய கார்பனை உள்ளே எடுத்துக்கொள்ளக்கூடும். ஓட்டில் 5 விழுக்காடு செத்த கார்பன் (கார்பன்-14 தீர்ந்துபோனது) சேர்ந்தாலே வயது சுமார் 410 ஆண்டு கூடிவிடும். நெடுநாள் வாழும் இனங்களும் உண்டு: 2006இல் ஐஸ்லாந்துக் கரையில் பிடிபட்ட ஆர்க்டிகா ஐலாண்டிகா சிப்பியொன்றின் வளர்ச்சிக் கோடுகளை எண்ணியபோது அதற்கு 507 வயது. அத்தகைய ஓட்டில் விளிம்பிலிருந்து மாதிரி எடுப்பதற்கும் மூட்டருகே எடுப்பதற்கும் இடையே நூற்றாண்டுகள் இருக்கின்றன.

இனி, புதைந்த பின் நேரும் மாற்றம். பல கடல் ஓடுகள் அரகோனைட் என்னும் சுண்ணாம்புப் படிகத்தால் ஆனவை. அது நிலத்தடி நீரில் கரைந்து மறுபடி படியும்போது கால்சைட் என்னும் வேறு படிகமாக மாறும். அப்போது புதிய கார்பன் உள்ளே புகும். எக்ஸ்-கதிர் விளிம்புவளைவுச் சோதனையில் அரகோனைட் ஓட்டில் கால்சைட் தெரிந்தால் உஷாராகிவிடலாம். ஆனால் ஆளிச் சிப்பியின் ஓடு தொடக்கத்திலேயே பெரும்பாலும் கால்சைட். அது மறுபடிகமானாலும் இந்தச் சோதனை எதையும் காட்டாது. "சோதனையில் தேறியது" என்று யாராவது சொன்னால், எந்த இனத்தின் ஓடு என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஓட்டின் வெளிப்புறத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அரித்து நீக்கிவிட்டு, மீதியைப் பாஸ்பாரிக் அமிலத்தில் கரைத்து வரும் வாயுவைக் கிராஃபைட்டாக்கி அளப்பது வழக்கமான முறை. இளம் மாதிரியில் மாசு பெரிய கேடு செய்வதில்லை: 5,000 ஆண்டு ஓட்டில் 1 விழுக்காடு நவீன கார்பன் புகுந்தால் பிழை 70 ஆண்டு அளவில் நிற்கும். கார்பன்-14 அறவே தீர்ந்துபோன பழம் ஓட்டில் அதே 1 விழுக்காடு புகுந்தாலோ, அது சுமார் 37,000 ஆண்டு என்று கண்ணியமான ஒரு வயதைக் காட்டும். எனவே 30,000க்கு மேற்பட்ட கிளிஞ்சல் வயதுகளை, வேறு சான்று இல்லாவிட்டால், குறைந்தபட்ச வயதாக மட்டுமே நான் எடுத்துக்கொள்வேன்.

கிளிஞ்சல் சிறந்த தெரிவாகும் இடங்கள்: அறிய வேண்டிய நிகழ்வே சிப்பி பிடித்ததாக இருக்கும் கிளிஞ்சல் மேடுகள், உயர்ந்துபோன பழைய கடற்கரைகள், கடலடிப் படிவுகள், ஓட்டிலேயே செய்த மணிகள், வெப்பத்தில் எலும்பின் கொலாஜன் அழிந்துபோன தலங்கள். மணிகளில் மட்டும் ஒரு எச்சரிக்கை: பழைய ஓட்டைப் பொறுக்கி மணி செய்திருக்கலாம்.

தவிர்க்க வேண்டிய இடங்கள்: ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகம், டெல்டா ஆர் அளக்கப்படாத கரை, நூறாண்டுக்கும் குறைவான இடைவெளியைப் பிரித்துக் காட்ட வேண்டிய கேள்வி.

## மரக்கரி

கரிக்குக் கடல் தேக்கம் இல்லை. வளைகோடும் நன்கு நிறுவப்பட்டது. அதனால்தான் அது பாதுகாப்பானது என்ற எண்ணம் வேரூன்றியது. முதல் கேள்வியில் அது தடுக்கி விழுகிறது. மரத்தின் ஒவ்வொரு வளையமும் உருவான ஆண்டிலேயே வளிமண்டலத்தோடு கணக்கை முடித்துக்கொள்கிறது. 300 ஆண்டு வாழ்ந்த மரத்தின் நடுத்தண்டு அடுப்பில் எரிந்தால், அந்தக் கரி அடுப்பெரிந்த நாளைக் காட்டாது. 300 ஆண்டுக்கு முந்தைய வளையத்தையே காட்டும். பழைய வீட்டின் உத்தரத்தையோ கரையொதுங்கிய மரத்தையோ விறகாக்கியிருந்தால் இடைவெளி இன்னும் கூடும்.

இதில் கிளிஞ்சலைவிட ஒரு வகையில் மோசமான கூறு இருக்கிறது. கடல் தேக்கத்தின் அளவை அளந்து திருத்தலாம். எரிந்த துண்டு மரத்தின் எந்தப் பகுதி என்பது தெரியாவிட்டால் திருத்த வழியே இல்லை. ஆகவே கரியின் மறைமுகச் செலவு, நுண்ணோக்கியில் மர இனத்தை அடையாளம் காணும் நிபுணரின் நேரம். பட்டையோடு கூடிய சுள்ளிக் கரியைத் தேர்ந்தெடுத்தால் கவலை பெரிதும் தீரும். அத்தகைய துண்டு கிடைக்கும் தலங்களில் கரியே என் முதல் தெரிவு. "கரி, இனம் தெரியவில்லை" என்று மட்டும் எழுதப்பட்ட மாதிரியைவிட, டெல்டா ஆர் தெரிந்த கரையின் மூட்டுப் பிரியாத சிப்பியை நம்புவேன்.

## எலும்பு

எலும்பில் அளக்கப்படுவது கொலாஜன் என்னும் புரதம். அது எஞ்சியிருக்கிறதா என்பதைச் சோதிக்க முடிவது எலும்பின் பெரிய பலம்: எலும்பின் எடையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகக் கொலாஜன் கிடைத்தாலோ, கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் வெளியே போனாலோ மாதிரியை ஒதுக்கிவிடலாம். கெட்டுப்போனதைத் தானே காட்டிக்கொடுக்கும் இந்தக் குணம் கிளிஞ்சலுக்குக் குறைவு. ஆனால் வெப்பமும் ஈரமும் மிகுந்த மண்ணில் கொலாஜன் நெடுநாள் தாங்காது. கட்டணம் கட்டிய பின் "அளக்க இயலவில்லை" என்ற பதில் வருவது அங்கே சகஜம்.

கடல் தேக்கத்திலிருந்து தப்ப எலும்பைத் தேர்ந்தெடுப்பவர் அந்த உயிர் என்ன தின்றது என்று கேட்க மறந்தால், விட்டுவந்த சிக்கலிடமே திரும்பிச் சேர்வார். இங்கிலாந்தின் ரெப்டன் ஊரில் நூற்றுக்கணக்கானோரைப் புதைத்த குழி, 873-74 குளிர்காலத்தில் அங்கே தங்கிய வைக்கிங் படையினுடையது என்று கருதப்பட்டது. ஆனால் சில எலும்புகளின் கார்பன் வயது 7, 8ஆம் நூற்றாண்டுகளைக் காட்டியதால் அந்தக் கருத்தே ஐயத்துக்கு உள்ளானது. அவர்கள் உண்ட மீனின் வழியே வந்த பழைய கார்பனைக் கணக்கில் எடுத்துத் திருத்திய முடிவுகள் 2018இல் வெளியானபோது, வயதுகள் 9ஆம் நூற்றாண்டோடு பொருந்தின. கிளிஞ்சலுக்கு முழுக் கடல் வளைகோட்டை இடலாம். மனித எலும்புக்கோ எத்தனை விழுக்காடு கடலுணவு என்று வேறு கணிக்க வேண்டும். நிலத்தில் மேய்ந்த தாவர உண்ணியின் எலும்பு இந்தத் தொல்லையிலிருந்து பெரும்பாலும் விடுபட்டது.

## கருகிய விதையும் தானியமும்

முதல் இரண்டு கேள்விகளுக்கும் இதைவிட நல்ல பதில் தரும் பொருள் இல்லை: ஒரே பருவத்தில் வளர்ந்தது, காற்றிலிருந்து கார்பனை நேரே எடுத்தது. கரியைப் போலவே தூய்மைப்படுத்தலாம். நான்காவது கேள்விதான் இதற்குக் கண்டம். ஒரு தானியம் எலி வளையிலும் எறும்புப் புற்றிலும் வேர்த் துளையிலும் ஓரிரு அடி எளிதாக இறங்கிவிடும். அதனால் ஒற்றைத் தானியத்தை நம்பாமல், ஒரே குழியிலோ கலத்திலோ குவியலாகக் கிடைத்ததைத் தேர்ந்தெடுத்து, தானியம் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளப்பது முறை. ஏ.எம்.எஸ். எனப்படும் முடுக்கி முறை ஒரு மில்லிகிராம் கார்பனையே கேட்பதால் இது இயலும். (அதே காரணத்தால், முன்பு ஒரு கைப்பிடிக் கிளிஞ்சலைக் கலந்து அளந்த இடத்தில், இன்று ஒரே ஓட்டின் 10 மில்லிகிராம் துணுக்கு போதும்; கலப்படச் சராசரி என்ற பழைய குறை நீங்கியது.) மண்ணைச் சலித்து நீரில் மிதக்கவிட்டு விதையைப் பிரிக்கும் உழைப்பு மட்டும் உங்களுடையது.

## ஒரே பார்வையில்

| கேள்வி | கிளிஞ்சல் | மரக்கரி | எலும்பு | விதை |
|---|---|---|---|---|
| நிகழ்வுக்கு அண்மை | உணவாகப் பிடித்ததெனில் மிக அருகே | சுள்ளியெனில் அருகே. தண்டெனில் தெரியாது | அருகே | மிக அருகே |
| கார்பனின் மூலம் | கடல். டெல்டா ஆர் கட்டாயம் | வளிமண்டலம் | உணவைப் பொறுத்தது | வளிமண்டலம் |
| மாசு தெரியவருமா | அரகோனைட்டில் தெரியும். கால்சைட்டில் கடினம் | ஓரளவு | நன்கு தெரியும் | ஓரளவு |
| இடம்பெயர்வு | இரு ஓடும் சேர்ந்திருந்தால் குறைவு | நடுத்தரம் | குறைவு | மிகுதி |
| மறைமுகச் செலவு | இன அடையாளம், டெல்டா ஆர் தேடல் | மர இன அடையாளம் | தோல்வி வாய்ப்பு, உணவுக் கணிப்பு | சலித்தல், பல அளவீடு |

## இணையாக அனுப்புவது பற்றி

இரண்டு மாதிரிகளுக்குப் பணமிருந்தால் கிளிஞ்சலையும் நிலத்துப் பொருளையும் ஒரே மூடிய அடுக்கிலிருந்து இணையாக அனுப்பலாம். அந்தக் கரைக்கு, அந்தக் காலத்துக்கே உரிய டெல்டா ஆர் கிடைத்துவிடும். இது சிறிய ஆதாயமன்று: கடல் நீரோட்டங்கள் மாறும்போது தேக்கத்தின் அளவும் காலத்தோடு மாறியிருக்கிறது. சுமார் 12,100 ஆண்டுக்கு முன் ஐஸ்லாந்து எரிமலையிலிருந்து வந்து நிலத்திலும் கடலடியிலும் ஒருசேரப் படிந்த வெத்தே சாம்பல் அடுக்கை வைத்துப் பார்த்தபோது, வட அட்லாண்டிக்கில் அன்றைய வேறுபாடு 700 ஆண்டு அளவில் இருந்தது தெரியவந்தது. 1900இல் பிடித்த சிப்பியின் திருத்தத்தை அந்தக் காலத்துக்குப் பொருத்தியிருந்தால் முடிவு தவறியிருக்கும்.

இணை மாதிரியில் நிலத்துப் பொருளாக எதை எடுக்கிறோம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இனம் தெரியாத கரியை எடுத்தால், அது உண்மையைவிட மூத்த வயதைக் காட்டும். கிளிஞ்சலுக்கும் அதற்கும் இடையே உள்ள வேறுபாடு சுருங்கும். டெல்டா ஆர் தவறாகக் குறைந்து வரும். பிறகு அந்த எண் வெளியிடப்பட்டு, அக்கம்பக்கத்துத் தலங்களின் கிளிஞ்சல் வயதையெல்லாம் மூத்ததாக்கும். கரியின் குற்றம் கிளிஞ்சலின் பெயரில் எழுதப்படுவது இப்படித்தான். இணைக்கு விதையையோ பட்டையுள்ள சுள்ளியையோ மட்டும் எடுங்கள். கிடைக்காவிட்டால் இணை அளவீட்டையே கைவிட்டு, இரண்டாவது கட்டணத்தை அதே அடுக்கின் இன்னொரு சிப்பிக்குச் செலவிடுவது மேல்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அறிக்கையில் ஆய்வக எண், இனத்தின் பெயர், மாதிரி எடுத்த பகுதி, கார்பன்-13 திருத்திய மரபு வயது (வளைகோட்டில் இடுமுன் உள்ள வயது), அதன் பிழை, பயன்படுத்திய வளைகோட்டின் பெயர், டெல்டா ஆரும் அதன் மூலமும் ஆகியவை இருக்க வேண்டும். வளைகோடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. நாட்காட்டி ஆண்டை மட்டும் அச்சிட்ட அறிக்கையை அப்போது மறுபடி கணக்கிட முடியாது. மரபு வயது இருந்தால் பத்து நிமிட வேலை.